மேஸ்திரி கட்டாத ஒரே அடுப்படி

என் வீட்டுக்காரர் சேவியர்ராஜ் நல்ல மனிதர் என்று கச்சிராயபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் அவரோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியதில்லை.

அவர் கொத்து வேலை செய்கிற மேஸ்திரி. பதினைந்து வயதில் கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய மேஸ்திரியிடம் கலவை சுமக்கப் போனவர், இன்று அணைப் பக்கத்திலிருந்து வடக்கனந்தல் வரைக்கும் அவர் கை படாத தெரு கிடையாது. முழு வீடு கட்டுவதைவிட அடுப்படி கட்டுவதில்தான் பேர் வாங்கினார். அவர் கட்டிய அடுப்படியில் புகை உள்ளே திரும்பாது, தண்ணீர் மூலையில் தேங்காது, மேடைக் கல்லில் அரிசியைக் கொட்டினால் ஒரு மணி உருளாது. யார் கூப்பிட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாது. பென்சிலைக் காதில் செருகி, கொத்துக்கரண்டியையும் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் கோணிப்பையில் போட்டு, சிமென்ட் அப்பிப்போன ஒரு பழைய சவுக்குக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் குச்சி நாய் விரட்டத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

ஊருக்கெல்லாம் அடுப்படி கட்டிய இந்த மனிதர் தன் வீட்டுக்கு ஒன்று கட்டவில்லை.

கட்டமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனசு ஆறிப்போயிருக்கும். கல்யாணமான முதல் மாசமே என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, "சோத்துப் பானய கெளர்ற மாதிரி கைய வை" என்று சொல்லி, இடுப்புக்கு நேராக அளவெடுத்தார். அடுத்த மாசம் மேடை கட்டிவிடுவேன் என்றார். நான் நாலரை அடி. எங்கள் அம்மா வீட்டில் எல்லாமே எனக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தது. மணை போட்டு ஏறித்தான் சமைப்பேன். எனக்கென்று ஒருத்தர் அளவெடுத்தாரே என்று அன்றைக்கு அத்தனை சந்தோஷம். புது அடுப்படியில் பால் காய்ச்ச அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் குண்டானைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மேடை வந்த பிறகுதான் அதை எடுப்பேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. எங்கள் மகள் நான்சியின் ஞானஸ்நானத்துக்கு முன்னால் முடித்துவிடுவேன் என்றார். கோயிலில் அவள் முதல் நற்கருணை, அதுதான் புது நன்மை, வாங்குவதற்கு முன்னால் என்றார். கல்யாணத்துக்கு முன்னால் கட்டாயம் என்றார். நான்சி சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டாள். நான் வீட்டுக்குப் பின்னால் ஷீட்டுக்குக் கீழே தரையில் குந்தி ஆக்கிக்கொண்டிருந்தேன். கேஸ் அடுப்பும் தரையில்தான். சிலிண்டர் போட வருகிறவர் ஒவ்வொரு தடவையும் இது தப்பும்மா என்று சொல்லிவிட்டுப் போவார். என்னிடம் சொல்லி என்ன பயன்.

அவர் சிமென்ட் வாங்கி வைப்பார். அடுத்த தெருவில் யாருக்காவது இரண்டு மூட்டை குறைகிறது என்றால் தூக்கிக் கொடுத்துவிடுவார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதான். நல்ல கறுப்பு கிரானைட் பலகை ஒன்று பதினோரு வருஷம் பின்சுவரில் சாய்ந்து நின்றது. அதற்குப் பின்னால் எங்கள் கோழிகள் எத்தனை ஈடு முட்டை வைத்துக் குஞ்சு பொரித்தன என்று எனக்கே கணக்கில்லை. கத்துவேன், அழுவேன், நாலு நாள் பேசாமல் இருப்பேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அடுத்த மாசம் பாரேன்" என்பார். எருமை மேல் மழை பெய்த மாதிரி.

போன ஜனவரியில் கண்ணகி வீட்டுக்கு வந்தாள். எங்கள் பக்கத்து மகளிர் குழுக்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. ரவிக்கை தைக்கிறவள், கழுத்தில் எப்போதும் இஞ்சி டேப் தொங்கும். ஊருக்குள் விசேஷமான அடுப்படிகளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறாளாம். குழுப் பெண்கள் பதினாலு பேர் ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது, யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது என்று ஏற்பாடு.

"நோட்ல எழுதனதுக்கு அப்பறம்தான்க்கா பாத்தேன். ஆறு அடுப்படியும் அண்ணன் கட்னது. அதான் கடைசியா மேஸ்திரி வூட்டு அடுப்படியயே பாத்துடலாம்னு" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "வாங்கம்மா. நாலு மணிக்கு வந்தீங்கன்னா டீ சாப்டுட்டு போலாம்" என்றார்.

அவள் போனதும் கேட்டேன். "எந்த அடுப்படிய காட்டப் போற? கோழி அடகாக்குதே, அதயா?"

"மூணு வாரம் கீது இல்ல, கட்டிடலாம் வுடு."

முதல் வாரம் வடக்கனந்தலில் யாருக்கோ தொட்டி ஒழுகுகிறது என்று போனார். இரண்டாவது வாரம் வெள்ளிமலையில் ஒருத்தர் வீட்டுச் சுவர் மழைக்கு ஊறிச் சாய்ந்துவிட்டது என்று போன் வந்தது. ஜீப் ஏறிப் போனவர் ஆறு நாள் கழித்து ஒரு பை சாமை அரிசியோடு இறங்கி வந்தார். சாமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, சுவர் எழுப்பவா. அடுத்த நாள் காலையில் திரும்பவும் காதில் பென்சில் ஏறியதைப் பார்த்ததும் அவருடைய கோணிப்பையின் மேல் போய்க் குந்திக்கொண்டேன்.

"எந்திரி பாக்கியம். அவங்க காத்துகினு கீறாங்க."

"நானும்தான் காத்துகினு கீறன். மொதல்ல வந்தது யாரு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, செங்கல்லை நனைக்கப் போனார். ஐந்து நாளில் மூன்று பக்கச் சுவர், ஒரு ஜன்னல், மேலே புது ஷீட். நான்தான் சித்தாள். கலவையைத் தலையில் தூக்கும்போது இருபத்தாறு வருஷத்துக் கோபமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, இல்லையென்று சொல்லமாட்டேன். சனிக்கிழமை காலையில் மேடைக்குக் கீழ்ச்சுவர் இரண்டும் முழங்கால் வரைக்கும் வந்திருந்தன.

"நீ அவங்களோட போய் சுத்திட்டு வா. நீ வர்றதுக்குள்ள கல்ல ஏத்தி வெச்சிர்றேன். வந்து பால் காச்சு" என்றார். பெட்டியிலிருந்து குண்டானை எடுத்துப் புளி போட்டுத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு வேனில் ஏறினேன்.

முதலில், எங்களோடு வேனில் வந்த ராணியம்மாள் வீடு. கரும்பும் நெல்லுமாக வசதியான வீடு, அந்தம்மா நல்ல உயரம், வாசற்படியில் தலை குனிந்துதான் வருவார். அவர் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே மாட்டுத் தொட்டி. கழுநீரை உள்ளே நின்றபடியே சாய்த்தால் தொட்டியில் போய் விழுகிற மாதிரி என் வீட்டுக்காரர் ஒரு வாய்க்கால் வைத்திருக்கிறார். மாடு ஜன்னலில் மூஞ்சியை வைத்துக்கொண்டு எங்கள் பதினாலு பேரையும் பார்த்தது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் மேடையில் முழங்கையை ஊன்றி நின்றேன். அப்படி ஒரு வாகு. ராணியம்மாள் இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார்.

"அடுப்படில அர மணி நேரம் நின்னா இடுப்பு உட்டுப்போவுது. கள்ளக்குறிச்சில பாக்காத டாக்டர் இல்ல" என்றார்.

அடுத்தது, எங்கள் குழுவிலேயே இருக்கிற அபிநயா வீடு. மாடிப்படிக்குக் கீழே பீரோ வைக்கக்கூடப் போதாத இடத்தில் ஒரு முழு அடுப்படி, ஒவ்வொரு படிக்குக் கீழேயும் ஒரு அலமாரி. அங்கே நான் ஒரு வெங்காயம் அரிந்து பார்த்தேன், தோள் தூக்காமல் கை தானாகப் போனது. பிறகு டீக்கடை தமிழழகன் வீடு. அங்கே சமையல் அவர்தான், அவர் மனைவி கரும்பு ஆலையில் வேலைக்குப் போகிறாள். கடையில் இருக்கிற மாதிரியே எல்லாப் பாத்திரமும் கொக்கியில் தொங்கியது. "எனக்கும் இடுப்பு வலிதாங்க. நா டீ ஆத்தி ஆத்திதான் போச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்" என்று அவர் ராணியம்மாளிடம் சொன்னார். அந்தம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து குடியேறிய அம்மாசி வீடு. மேடையிலேயே விறகு அடுப்பு பதித்து, மேலே தினை, சாமை காயப் போடப் பரண் கட்டியிருந்தது. எல்லாரும் பரணைப் பார்க்க, ராணியம்மாள் மட்டும் மேடையில் உள்ளங்கையை வைத்தார். பிறகு தன் இடுப்பில் வைத்தார்.

"கண்ணகி, அந்த டேப்ப எடு."

இருபத்தெட்டு இஞ்சி. அபிநயா தன் வீட்டுக்குப் போன் போட்டு மாமியாரை அளக்கச் சொன்னாள். இருபத்தெட்டு. ராணியம்மாள் வீட்டில் மருமகள் அளந்தாள். இருபத்தெட்டு. தமிழழகன் வீட்டிலும் அதேதான். ராணியம்மாள் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"யோவ் மேஸ்திரி, மேட கட்றியே, யாரு அளவுல கட்ற?"

"எல்லாருக்கும் ஒரே அளவுதாங்கம்மா."

"எத்தினி இஞ்சி?"

"இஞ்சி கணக்கு இல்லிங்க. ஒரு குச்சி வெச்சிருக்கேங்க. ரசமட்டத்த ரெண்டு தபா வெச்சா சரியா அந்தக் குச்சிதாங்க."

"அந்தக் குச்சி யாரு அளவு?"

கொத்துக்கரண்டி செங்கல்லில் தட்டுகிற சத்தம் நின்றது. "பாக்கியத்துக்கு எடுத்ததுங்க. கல்யாணமான புதுசுல."

பதின்மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எங்கே போய் மறைவது. மறைவதற்குத் தோதான உயரம்தான், ஆனால் அன்றைக்கு அதுவும் உதவவில்லை.

"ஊர்ல கீற பொம்பளைங்கல்லாம் உம்பொண்டாட்டி ஒசரமாய்யா?"

"எங்க வூட்டு மேடைக்குத்தாங்க எடுத்தேன். அதுக்குள்ள வேற வேல வந்துடுச்சி. கையில குச்சி இருந்திச்சி, அதயே வெச்சி கட்டிட்டேன். அப்பறம் பழகிப்போச்சிங்க."

"நல்லா பழகன போ. எங்க இடுப்பு போச்சி. அந்தக் குச்சிய மொதல்ல அடுப்புல வையி. இனிமே எங்க கட்னாலும் முப்பத்தாறு இஞ்சி, சொல்லிட்டேன்."

"சரிங்கம்மா."

அந்தச் சரிங்கம்மாவை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏனென்றால் நான் வேறு நினைப்பில் இருந்தேன். சண்டை போட்டேனே, ராசியில்லாத வீடு என்று அழுதேனே, அத்தனை வருஷமும் இந்த மனிதர் வீடு வீடாக என் இடுப்பு அளவைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். ஊரில் நூறு அடுப்படி என் உயரத்தில் இருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதே நேரத்தில், அந்த நூற்றில் ஒன்று என் வீட்டில் இல்லையே என்று பற்றிக்கொண்டும் வந்தது. வேனில் எல்லாரும் என்னைக் கிண்டல் செய்தபடியே வந்தார்கள். "உனுக்கு மாமா கோயிலே கட்டி வெச்சிகிறாருக்கா, நாங்கதான் குனிஞ்சி குனிஞ்சி கும்புட்டுகினு கீறோம்" என்றாள் அபிநயா. மீதி இரண்டு அடுப்படியையும் பார்த்தோம். என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் மேடையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு வேன் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. ராணியம்மாள் எங்கள் தெருவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. இவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போனேன்.

கறுப்புக் கல் பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. அதன் விளிம்பு என் நெஞ்சுக்கு வந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. மேடைக்குக் கீழ்ச்சுவரைப் பார்த்தேன். என் இடுப்பு அளவுக்கு மேல் இரண்டு வரி செங்கல் கூடியிருந்தது.

"ராணிம்மா போன்ல சொன்னாங்க இல்ல, முப்பத்தாறுன்னு. நல்ல வேளை, கல்ல ஏத்தறதுக்குள்ள சொன்னாங்க" என்றார். அவர் முகத்தில் அத்தனை பவிசு.

ராணியம்மாள் முன்னால் வந்து மேடையில் கை வைத்து நிமிர்ந்து நின்றார். "இது மேட. இப்பிடி இல்ல கட்டணும்" என்றார். நாலு பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கண்ணகி குண்டானில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்து, "அக்கா, நீ பத்த வைக்கா" என்றாள். பற்ற வைத்தேன். ஜெபம் சொன்னோம். குண்டானின் விளிம்பு என் தலைக்கு நேராக இருந்தது, உள்ளே பால் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எக்கிப் பார்த்தேன். அபிநயா கலவைச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறிக்கோ என்றாள். என் வீட்டு அடுப்படியில், என் அம்மா கொடுத்த குண்டானில் பால் பார்க்க நான் சட்டி மேல் ஏறுவதா. ஏறமாட்டேன் என்று நின்றேன்.

"தள்ளு பாக்கியம், நா பாக்கறேன்" என்று ராணியம்மாள் வந்து நின்றார். "வருது, வருது. பொங்கிடுச்சி."

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அடுப்பில் பால் விழுந்து தீய்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. டீயையும் அந்தம்மாவே போட்டார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டினது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர்கள், அதிலும் இடுப்பு வலிக்காரர். எல்லாருக்கும் நானே டம்ளர் எடுத்துக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வழியனுப்பினேன்.

வேன் திரும்பியதும் உள்ளே வந்தேன்.

"இடி."

"இன்னா?"

"மேடய இடி. ஈரமாத்தான கீது, இடி."

"ராணிம்மா சொன்னாங்களே பாக்கியம்."

"அந்தம்மாவா தெனம் வந்து இந்த வூட்ல ஆக்கப் போறாங்க? எனுக்கு எடுத்த அளவுல ஊருக்கெல்லாம் கட்டுன. ஊருக்கு எடுத்த அளவுல எனுக்கு கட்டி வெச்சிகிற. நீ மனுசனாய்யா?"

அவர் மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் அப்படியே தொங்கிப்போனது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் நான் விடவில்லை. வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கைலியோடு வந்தார். கல்லுக்கு ஒரு முனை அவர், ஒரு முனை நான். இறக்கிச் சுவரில் சாய்த்தோம். இரண்டு வரிச் செங்கல்லும் தட்டின உடனே கையோடு வந்துவிட்டது.

"குச்சிய எடு" என்றேன்.

அவர் வெளியே வெந்நீர் அடுப்புப் பக்கம் பார்த்தார். "அடுப்புல வெக்கச் சொன்னாங்க. வெந்நீர் அடுப்புல வெச்சிட்டேன்."

எனக்குக் கத்துவதற்குக்கூடத் தெம்பு இல்லை. போய்ச் சுவரோரம் நின்றேன். கையைப் பானை கிளறுகிற மாதிரி வைத்தேன். அவர் ஷீட்டுக்குக் கீழே கிடந்த ஒரு புதுச் சவுக்குக் கழியைக் கொண்டு வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, என் பக்கத்தில் நிறுத்தி, காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கோடு போட்டார். கழியைத் தரையில் படுக்க வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை ஒரு தடவை வைத்தார். இரண்டாவது தடவை வைத்தார். மறுபடி முதலிலிருந்து வைத்தார்.

"இன்னா?"

"நேரா நில்லு. குனியாத."

"நேராத்தான் நிக்கறேன்."

திரும்ப அளந்தார். ரசமட்டத்தை வைத்தார். கோட்டுக்கு மேல் கட்டை விரலை வைத்துப் பார்த்தார். "ஒரு வெரக்கட கம்மியா வருது" என்றார்.

"இருவத்தாறு வருசம் தரையில குந்தி ஆக்குனா, ஒசந்தா வருவேன்?"

அவர் தலையைத் தூக்கவில்லை. அப்படியே முட்டி போட்டபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரம்பத்தை எடுத்துப் புதுக் கோட்டில் அறுத்தார். அறுத்த குச்சியை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. வடக்கனந்தல். இவர் கை தானாகப் போனைத் தேடிப் போனது, பிறகு என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டது. நான் எடுத்தேன்.

"மேஸ்திரி இல்லிங்களா?"

"கீறாருங்க. வேலைல கீறாரு."

"யாரு வூட்லங்க?"

"எங்க வூட்ல" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவர் செங்கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார். நான் கலவை குழைக்கப் போனேன்.